நான்கு மாதமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். மாண்டிசோரி பள்ளியில் விடலாமா, மாற்றிவிடலாமா?

திருப்பூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பெண்ணுக்கு மூன்று வயது ஐந்து மாதம். ஜூனில் இங்கே ஒரு மாண்டிசோரி பள்ளியில் சேர்த்தோம். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன கண்ணு பண்ணுனே?" என்று கேட்பேன். "தண்ணி ஊத்துனேன்" என்பாள். மறுநாள் "பருப்பு அள்ளுனேன்". அதற்கு அடுத்த நாள் "பாய் சுருட்டுனேன்". நான்கு மாதமாக இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிச் சொல்கிறாள்.

நோட்டு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, புத்தகமும் இல்லை. எதிர்வீட்டுப் பையனுக்கும் இதே வயதுதான். அவன் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான், நூறு வரை ஒப்பிக்கிறான். என் மாமனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் என்னைத் திட்டுவதில்லை. ஆனால் போன வாரம் பேத்தியின் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கைத்துண்டும் மாற்று ஜட்டியும்தான் இருந்தன. "இதுக்கு இவ்வளவு ஃபீஸா அம்மிணி? வெள்ளைக்காரங்க விளையாட்டு நமக்கு எதுக்கு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தண்ணீரை ஒரு டம்ளரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பாள். கீழே சிந்தினால் எங்களைக் கூப்பிடுவதில்லை, அவளே துணி எடுத்து வந்து துடைக்கிறாள். மறுபடியும் ஊற்றுகிறாள்.

வேறு பள்ளிக்கு மாற்றுவதென்றால் டிசம்பருக்குள் அங்கே பணம் கட்ட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.


ஸ்ரீரங்கத்து ஆன்ட்டி:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நான் 27 வருஷம் மாண்டிசோரி வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் பள்ளியில் டீச்சர் என்று கூப்பிட மாட்டார்கள், ஆன்ட்டி என்பார்கள். அதனால்தான் இங்கேயும் இந்தப் பெயர்.

"சிந்தினால் அவளே துணி எடுத்து வந்து துடைக்கிறாள், மறுபடியும் ஊற்றுகிறாள்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் நின்றுவிட்ட இடம் அதுதான். மூன்றரை வயதுக் குழந்தை ஒரு தவறு செய்து, அது தவறு என்று தானே கண்டு, அழாமல், யாரையும் கூப்பிடாமல் சரிசெய்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்குகிறாள். இதைக் கொண்டுவருவதற்குத்தான் முதல் வருஷம் முழுக்க நாங்கள் பாடுபடுவோம். உங்கள் வீட்டில் அது நான்கு மாதத்தில் வந்திருக்கிறது.

தண்ணீர் ஊற்றுவது நேராகத் தண்ணீரில் தொடங்குவதில்லை. முதலில் கிண்ணத்தில் இருக்கிற மொச்சையைக் கையால் அள்ளி இன்னொரு கிண்ணத்தில் போடுவார்கள். அப்புறம் கரண்டியால். அப்புறம் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து. பிறகு ஒரு சின்ன ஜாடியில் இருந்து இன்னொன்றுக்கு அரிசியைச் சாய்க்க வேண்டும். கடைசியில்தான் தண்ணீர். ஒவ்வொரு படியிலும் முழுக்கையின் வேலை குறைந்து விரல் நுனியின் வேலை கூடுகிறது. பென்சில் பிடிக்கிற பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் பென்சில் வருவதற்கு முன்பே பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. மேஜை துடைக்கக் கற்றுக்கொடுக்கும்போதும் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகத் துடைத்துக் காட்டுவோம். தமிழும் அப்படித்தானே எழுதுகிறோம்.

அவள் வகுப்பில் உருளைக்கட்டை வைத்த மரச்சட்டம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். மொத்தம் நான்கு சட்டம், ஒவ்வொன்றிலும் பத்துக் குழி, பத்து உருளை. உருளையின் தலையில் சின்னக் குமிழ். அந்தக் குமிழை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்துவிட்டுத் திரும்ப அதனதன் குழியில் வைக்க வேண்டும். ஒன்றைத் தப்பான குழியில் வைத்துவிட்டால் கடைசியில் ஓர் உருளை இடம் கிடைக்காமல் கையில் நிற்கும். "தப்பு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். எதிர்வீட்டுப் பையனின் நோட்டில் சிவப்பு மையில் டீச்சர் செய்கிற திருத்தத்தை இங்கே மரம் செய்கிறது. அதில் அவமானம் கிடையாது.

பிங்க் டவர் என்று ஒன்று. பத்துக் கனசதுரக் கட்டைகள், சின்னது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து சென்டிமீட்டர். அலமாரியில் இருந்து பாய்க்கு ஒவ்வொரு கட்டையாகத்தான் எடுத்துவர வேண்டும், அதாவது பத்து நடை. இதைப் பார்க்கிற பெற்றோர் "மொத்தமாத் தூக்கிட்டு வந்தா என்ன?" என்று கேட்பார்கள். அந்தப் பத்து நடையில்தான் பத்து வெவ்வேறு எடையைக் கை படிக்கிறது. பெரிய கட்டைக்குக் கை எவ்வளவு விரியும், சின்னதற்கு எவ்வளவு குவியும் என்பது உடம்பில் ஏறுகிறது. அந்த ஒரு சென்டிமீட்டர் கட்டை தொலைந்துபோன அன்றைக்கு என் வகுப்பு மொத்தமும் குனிந்து தேடும். அது இல்லாவிட்டால் கோபுரம் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

சரி, எழுத்து எப்போது வரும் என்பதுதானே உங்கள் கவலை. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து அதன் மேல் தடவிக்கொண்டே அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். கண், விரல், காது மூன்றும் ஒரே நேரத்தில் படிக்கும். மூன்றரை, நான்கு வயதில் தொடங்குவோம். நான் சேர்ந்த புதிதில் தமிழுக்கு இவை கடையில் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வெட்டினோம். உயிரெழுத்துக்கு நீல அட்டை, மெய்க்கு இளஞ்சிவப்பு அட்டை. அ-வில் தொடங்காமல் ட, ப, ம என்றுதான் தொடங்குவேன். ட, ப இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள், ம-விலும் வளைவு குறைவு, விரலுக்கு எளிது. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். தனித்தனியாக வெட்டிய எழுத்துகளை எடுத்துத் தன் கையால் "பட்டம்" என்று அடுக்கி வைத்த குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்கு வெட்டிய எழுத்துகளைக் குழந்தை காதில் விழுகிற வரிசையில் வைத்துக்கொண்டே போகலாம். நமக்கு அப்படி முடியாது. "கெ" என்னும்போது க் முதலில் கேட்கிறது, எ பிறகு கேட்கிறது. ஆனால் கொம்பை முன்னால் வைக்க வேண்டும். "கொ" என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். கு, டு, மு மூன்றையும் பாருங்கள், மூன்றிலும் உகரம் மூன்று விதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, தனியாக வெட்டி எடுக்கவே முடியாது. முதல் இரண்டு வருஷம் குழந்தைகளைக் குழப்பினேன். அப்புறம் கால் குறியை மட்டும் தனித்துண்டாக வைத்துக்கொண்டு, உகர வரிசையையும் கொம்பு போட்ட வரிசைகளையும் முழு எழுத்தாகவே வெட்டிவிட்டேன். அதன் பிறகு தெளிவாகப் போனது. உங்கள் பள்ளியில் தமிழை எப்படித் தருகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நிறைய இடங்களில் ஆங்கிலத்துக்கு அழகான பெட்டி இருக்கும், தமிழுக்கு வந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

உங்கள் மாமனாருக்கு ஒரு வார்த்தை. மாண்டிசோரி அம்மையார் இத்தாலிக்காரர்தான். முதல் குழந்தைகள் இல்லத்தை 1907இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கினார். ஆனால் 1939 நவம்பரில் அவர் நம் சென்னைக்கு வந்தார், அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில். ஏறக்குறைய 300 பேருக்கு அங்கே ஓலைக்கொட்டகையில் வகுப்பு எடுத்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதம் தங்கிப் போக வந்தவர், போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். நடுவில் கொடைக்கானலிலும் குழந்தைகளோடு வேலை செய்தார். பெரிய பிள்ளைகளுக்கான பாடமுறை பெருமளவு அங்கேதான் உருவானது. அப்புறம், மாமா தலைமையாசிரியர் என்கிறீர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கியது அவருக்குத் தெரியாததா? தாம்பாளத்தில் அரிசி பரப்பி நம் குழந்தைகளின் விரலைப் பிடித்து அ எழுதவைக்கிறோமே, அந்த விரலுக்குத்தான் உப்புத்தாள்.

இன்னொன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒரு வருஷம் மூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஏழு வாரம் வாயே திறக்கவில்லை. எங்கள் அலமாரியில் வெள்ளரிக்காய் நறுக்குகிற வேலை உண்டு. குட்டிப் பலகை, மழுங்கிய கத்தி, தட்டு, ஒரு முள்கரண்டி. நறுக்கியதை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அவள் தினமும் அதைச் செய்வாள், தட்டை நீட்டுவாள், பேச மாட்டாள். எட்டாவது வாரம் ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று "வேணுமா?" என்றாள். அந்த வகுப்பில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அன்றைக்கு அவள் வீட்டில் "என்ன பண்ணினே?" என்று கேட்டிருந்தால் "வெள்ளரிக்காய் வெட்டினேன்" என்றுதான் சொல்லியிருப்பாள்.


ஈரோட்டு அப்பா:

ஆன்ட்டி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அது நல்ல பள்ளிக்குப் பொருந்தும். மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனி உரிமை யாரிடமும் இல்லை, யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். நாங்கள் அதில்தான் ஏமாந்தோம். முதலில் சேர்த்த பள்ளியில் பொருள்கள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி இருந்தன. அட்மிஷன் அன்றைக்கு வெளியே எடுத்து மேஜையில் வைத்துக் காட்டினார்கள். மகனுக்கு அப்போது மூன்று வயது. பெஞ்சில் உட்காரவைத்து ஒர்க்‌ஷீட் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அவனிடம் பிங்க் டவர் பற்றிக் கேட்டேன். "அது தொடக் கூடாதுப்பா" என்றான். அந்த வார்த்தை இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதனால் போய்ப் பாருங்கள் சகோதரி. அட்மிஷன் நாளில் வேண்டாம், சாதாரண ஒரு நாளில் ஒரு மணி நேரம் மூலையில் உட்காரக் கேளுங்கள். இரண்டாவதாகச் சேர்த்த பள்ளியில் எங்களை உட்காரவிட்டார்கள். அலமாரி குழந்தையின் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான், அடுத்தவள் முடிக்கிற வரை இவன் காத்திருந்தான். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருந்தார்கள். வகுப்பு நடத்திய ஆன்ட்டியின் குரல் எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காலையில் மூன்று மணி நேரம் பெல்லே இல்லை.

ஒன்றாம் வகுப்புக்குச் சாதாரணப் பள்ளிக்கு மாறியபோது மகன் சிரமப்பட்டான், அதையும் மறைக்கக் கூடாது. 40 நிமிடத்துக்கு ஒருமுறை பெல் அடித்ததும் செய்துகொண்டிருந்ததை ஏன் நிறுத்த வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. தினமும் கேட்பான். இரண்டு மாதம் பிடித்தது. கணக்கில் மட்டும் சிரமமே இல்லை. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று மணிகளைக் கையில் தூக்கிப் பார்த்தவன். ஆயிரம் என்றால் எவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரியும்.


மதுரை வாசகி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். என் மகள் மூன்று வருஷம் மாண்டிசோரியில் படித்தாள். ஐந்தரை வயதில்தான் தெரிந்தது, எண்கள் பக்கமே அவள் போகவில்லை. எப்போதும் வண்ண அட்டையும் துணி மடிப்பதும்தான். அந்த வகுப்பில் 40 பிள்ளைகள், ஓர் ஆன்ட்டி, ஓர் ஆயா. யார் எதை எடுத்தார்கள் என்று எழுதிவைக்கவே இல்லை. குழந்தை தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டார்கள். வீட்டில் நான் ஒரு வருஷம் உட்கார்ந்து சரிசெய்தேன். சுதந்திரம் கொடுக்கட்டும், ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு கண் அவள் மேல் இருக்க வேண்டும் இல்லையா?


ஸ்ரீரங்கத்து ஆன்ட்டி:

மதுரையம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. நான் தினமும் மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு வரி எழுதுவேன். எதை எடுத்தாள், எத்தனை நேரம், எங்கே விட்டாள் என்று. ஒரு பிள்ளை இரண்டு வாரம் எண்கள் பக்கம் வரவில்லை என்றால் நான்தான் கைபிடித்து அழைத்துப் போய்ப் புதிதாக ஒன்றைக் காட்ட வேண்டும். தேர்ந்தெடுப்பது குழந்தை, ஆனால் அலமாரியில் என்ன இருக்கிறது, எது காட்டப்பட்டது என்பது எங்கள் பொறுப்பு. திருப்பூர் அம்மா, அந்தக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெண்ணைப் பற்றி இந்த வாரம் எழுதிய வரியைப் படிக்கக் கேளுங்கள். அதைவிட நல்ல சோதனை கிடையாது.


அரசுப் பள்ளி டீச்சர்:

ஃபீஸ் கட்ட முடியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது நினைவிருக்கும். பாய், அட்டைகள், யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஏணிப்படிப் படம், பிள்ளைகள் உட்கார்ந்து எழுதுகிற உயரத்தில் சுவரில் கரும்பலகை. அதில் மாண்டிசோரி முறையின் சாயல் நிறைய உண்டு. நான் அப்போது கற்றதை இன்றும் விடவில்லை. பல்லாங்குழிப் பலகையில் புளியங்கொட்டை போட்டு எண்ணவைக்கிறேன். ஒரு குழிக்கு ஒன்று என்று போடும்போது வாய் சொல்வதும் கை போடுவதும் ஒன்றாகப் போகிறது. நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "ஏழு கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: வாயில் போடுகிற வயதுக் குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கொட்டை, மணி எதுவும் வேண்டாம். மூக்கிலும் திணித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பெரிய மூடிகள் போதும்.


திருப்பூர் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை கம்பெனியில் அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். கேட்டதும் உட்காரவிட்டார்கள், ஒரு முக்காலி போட்டார்கள். குழந்தைகளிடம் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

நான் வந்ததைப் பாப்பா பார்த்தாள். சிரித்தாள். வேலையை விட்டுவிட்டு ஓடி வரவில்லை. எனக்கு முதலில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. தட்டில் இரண்டு கண்ணாடி ஜாடிகளை எடுத்து வந்தாள். கண்ணாடி! என் வீட்டில் எல்லாம் எவர்சில்வர், உடையக் கூடாது என்று. ஊற்றினாள், கடைசிச் சொட்டுக்காக ஜாடியைச் சாய்த்தபடியே நின்றாள். மூக்கு ஜாடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். தட்டில் ஒரு துளி விழுந்தது. பஞ்சால் ஒற்றினாள். திரும்ப ஊற்றினாள். நான் எண்ணினேன், ஒன்பது தடவை. வீட்டில் ஒன்பது நிமிடம் ஓர் இடத்தில் உட்காராதவள். பிறகு எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டு, ஓர் ஐந்து வயதுப் பையன் ட அட்டையைத் தடவுவதைப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கட்டிய கையில் அவளுடைய இரண்டு விரலும் அசைந்துகொண்டிருந்தன.

குறிப்பேட்டையும் கேட்டேன், காட்டினார்கள். 26 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். பாப்பா பெயருக்கு நேராக "தண்ணீர், 25 நிமிடம். ட, ப எழுத்துகளைப் பார்க்கிறாள். திங்கள்கிழமை காட்டலாம்" என்று எழுதியிருந்தது. தமிழுக்கும் உப்புத்தாள் அட்டை இருக்கிறது, ஆனால் உயிரெழுத்துகளும் பத்து மெய்யும்தான். ஸ்ரீரங்கத்து ஆன்ட்டி எழுதியதை அப்படியே அவர்களிடம் படித்துக் காட்டினேன். கொம்பு விஷயத்தில் அவர்களும் திணறுவதாகச் சொன்னார்கள், உங்கள் வழியைக் குறித்துக்கொண்டார்கள்.

பாப்பாவை அங்கேயே விடுகிறோம். இரவு மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணல் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா ஆற்றுமணல் கொண்டுவந்து திண்ணையில் கொட்டி எழுதப் பழக்கினாராம். நேற்று அவரே ஹார்டுவேர் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்துவிட்டார். மீதி எட்டு மெய்யையும் பள்ளிக்கு வெட்டித் தருகிறேன் என்கிறார். ஆன்ட்டி, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்தத் தாள் நல்லது என்று கேட்கச் சொன்னார்.


ஸ்ரீரங்கத்து ஆன்ட்டி:

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நைஸ் தாள்தான் வேண்டும், மரத்துக்குக் கடைசியாகத் தேய்ப்பார்களே அது. கரடுமுரடாக இருந்தால் பிஞ்சு விரல் எரியும், இரண்டாம் தடவை தொட மாட்டார்கள். எழுத்தின் கோடு குழந்தையின் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போக வேண்டாம், உயரம் மாமாவின் உள்ளங்கை அளவு சரியாக இருக்கும். தாளின் பின்பக்கம் எழுத்தைத் திருப்பிப் போட்டு வரைந்து வெட்டச் சொல்லுங்கள், நேராக வரைந்தால் முன்பக்கம் இடம் வலம் மாறி வரும். நாங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படித்தான் வீணாக்கினோம். வெட்டிய பிறகு பாப்பாவைக் கூப்பிட்டு ஒன்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் எங்கே இடறியிருக்கிறது என்று அவள் விரல் காட்டிவிடும்.